ஐந்து வட்டுக்கள் ஒரு வட்டாவது எப்படி?



போடிநாயக்கனூரில் ஏலக்காயை ஏலம் விடும் கூடம் ஒன்று உண்டு. மேற்கே மலைத் தோட்டங்களில் விளைந்த காய் அங்கே குவியல் குவியலாக விலை பேசப்படுகிறது. முற்காலத்தில் வணிகர்கள் கூடியிருந்து வாய்விட்டு விலை கூறினர். 2007ஆம் ஆண்டில் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. இன்று வணிகர், தட்டில் வரும் மாதிரிக் காயை எடுத்துப் பார்த்து, முகர்ந்து, தம் முன்னுள்ள கணிப்பொறியின் விசையை அழுத்துகிறார். கூச்சல் அடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கூச்சலுக்கும் ஒரு நன்மை இருந்தது. கூறிய விலையைப் பத்துப் பேர் காதாரக் கேட்டிருந்தனர். விசையால் கூறிய விலையோ, சர்வர் என்னும் பொறியினுள் இருக்கும் வட்டில் மட்டுமே எழுதப்படுகிறது. அந்த வட்டு அன்று மாலையே பழுதடைந்தால், எந்தக் குவியல் எவருக்கு, என்ன விலைக்கு என்று யார் சாட்சி கூறுவது?

போடிக் கூடத்துப் பொறியின் உள்ளமைப்பை நான் விவரிக்கப் போவதில்லை. இத்தகைய பொறுப்பான பணியில் நிற்கும் சர்வர்களில் பொதுவாகச் செய்யப்படும் ஏற்பாட்டையே கூறுகிறேன். அதன் பெயர் ரெய்டு. வருமான வரி அதிகாரிகளை நினைத்து அஞ்ச வேண்டா. இது வேறு ரெய்டு.

1988ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெரிய வட்டு ஒன்றுக்குப் பதிலாக, மலிவான சிறு வட்டுக்கள் பலவற்றை இணைத்து வேலை வாங்கலாம் என்பது அவர்கள் கருத்து. வேகம் பெருகும், செலவு குறையும். ஆனால் ஓர் இடர் உண்டு. ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய 100 வட்டுக்களைச் சேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று சராசரியாக 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரம் நிறைவதற்குள், பழுதாகிவிடும். ஆகவே, ஒன்று போனாலும் கணக்குப் போகாத வழி வேண்டும்.

எளிய வழி, ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் அப்படியே எழுதுவது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றில் சிதைந்த இடத்தை மற்றொன்று காட்டிக் கொடுத்தது. ரெய்டு 1 என்னும் முறை இதுவே. குறை என்னவெனில், வாங்கிய இடத்தில் பாதிதான் பயன்படும்.

இதனினும் நுட்பமானது ரெய்டு 5. வானொலியில் கரும்பலகை இல்லை. ஆதலின் நீங்களே தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வட்டுக்களில் 7, 5, 8 என எழுதுங்கள். நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 20. இப்பொழுது இரண்டாவது வட்டை அடித்துவிடுங்கள். 20இலிருந்து 7ஐயும் 8ஐயும் கழித்தால் இழந்த 5 திரும்பி வருகிறது அல்லவா? பொறி கூட்டுவதில்லை. அதற்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டே எண்கள். ஒரு வரிசையில் உள்ள 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகுமாறு 0 அல்லது 1ஐச் சேர்த்து எழுதிவைக்கிறது. அந்தக் காப்பு எண்ணையும் ஒரே வட்டில் குவிக்காமல் எல்லாவற்றிலும் மாறி மாறி எழுதுகிறது; குவித்தால், எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வட்டே சுமை தாங்க வேண்டியிருக்கும்.

நான்கு டெராபைட் கொள்ளும் வட்டுக்கள் ஐந்து இருந்தால், ரெய்டு 5இல் 16 டெராபைட் நமக்குக் கிட்டும். காப்பு எண் இரண்டை வைக்கும் ரெய்டு 6இல் 12தான் கிட்டும். ஆனால் இரண்டு வட்டுக்கள் ஒருங்கே போனாலும் கணக்கு நிற்கும். நான் ரெய்டு 6ஐயே விரும்புவேன். காரணம் உண்டு. பழுதான வட்டை நீக்கிப் புதியதை இட்டதும், மற்ற வட்டுக்கள் முழுவதையும் படித்துத்தான் இழந்ததை மீண்டும் எழுத வேண்டும். பெரிய வட்டுக்களில் இது பல மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு உழைத்த வட்டுக்களில் இன்னொன்று அப்பொழுது களைத்து விழுவது அரிதன்று.

இவற்றையெல்லாம் இணைத்து ஆள்வது கட்டுப்பாட்டு அட்டை. சர்வரை இயக்கியதும் அதன் பட்டியலுக்குள் சென்று, எந்த வட்டுக்கள், எந்த ரெய்டு முறை, துண்டு ஒவ்வொன்றும் எத்தனை கிலோபைட் என்று தெரிவித்தால், அது மெய்நிகர் வட்டு ஒன்றைப் படைக்கிறது. இயக்க முறைமையின் கண்ணுக்கு ஐந்து வட்டுக்கள் தெரிவதில்லை, ஒன்றே தெரிகிறது. தொடக்கமிடு என்னும் கட்டளையை அழுத்துமுன் இருமுறை பார்க்க வேண்டும்; அது பழைய எழுத்துக்களை அழிக்கும். உதிரி வட்டு ஒன்றையும் செருகிவைத்து அட்டையிடம் குறித்துவிட்டால், பழுது நேர்ந்த கணமே, நள்ளிரவானாலும், அது வேலையை ஏற்கும்.

எழுதும் முறையையும் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். வட்டில் எழுதி முடித்த பின்னரே 'முடிந்தது' என்று கூறுவது ஒரு முறை. தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டதுமே 'முடிந்தது' என்று கூறிவிட்டுப் பிறகு எழுதுவது மற்றொன்று. பின்னது வேகமானது, ஆனால் அட்டையில் மின்கலம் இல்லையேல் ஆபத்தானது. ஐப்பசியில் மலைமேல் இடி இடித்தவுடன் மின்சாரம் நின்று போவது கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த உங்களுக்குப் புதிதன்று. மின்கலம் இருந்தால் எழுதப்படாத கணக்கு காக்கப்படும். இன்றேல், ஒப்புக்கொண்ட விலை காற்றோடு போகும்.

இத்துணை ஏற்பாடும் காப்பது வட்டின் சாவிலிருந்து மட்டுமே. எழுத்தர் ஒருவர் கைதவறி ஒரு நாள் ஏலத்தை அழித்தால், ஐந்து வட்டுக்களும் பணிவுடன் ஒன்றுசேர்ந்து அழிக்கும். கூரை ஒன்றாயின் தீயும் ஒன்றே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் ஒரே கூரையின்கீழ் அழிந்தன. ஆதலின் ஒவ்வொரு நாளும் ஏலம் முடிந்ததும் கணக்கின் படி ஒன்றைத் தனியே எடுத்து, வேறொரு கட்டிடத்தில், இயன்றால் வேறோர் ஊரில் வைக்கிறார்கள். மாதம் ஒருமுறை அந்தப் படியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்ப்பதும் உண்டு. படித்துப் பார்க்காத படி, இருக்கிறதா இல்லையா என்பதை எவரும் அறியார்.