இயந்திரக் கைக்குப் பாடம் சொல்பவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயந்திர மனிதன் என்றதும், அது பெரும் எஞ்சினியர்களுக்கே உரிய வித்தை என்று நம்மிற் பலர் ஒதுங்கி விடுகின்றனர். அவ்வாறு ஒதுங்க வேண்டியதில்லை என்பதே யான் கூற வந்த விடயம்.

1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் யூனிமேற் என்னும் இயந்திரக் கை வேலைக்கு அமர்ந்தது. சில ஆண்டுகளின் பின், நோர்வே நாட்டில் தள்ளுவண்டி செய்யும் திரால்ஃபா தொழிற்சாலையில் வர்ணம் பூச ஆட்கள் கிடைப்பது அரிதாயிற்று. 1967 இல் அங்கு ஓர் இயந்திரக் கையை ஆக்கினர். அதற்குப் பாடம் சொன்னவர் கணித நிபுணரா? அல்லர், வர்ணம் பூசும் தொழிலாளியே! அவர் அக்கையைப் பிடித்து ஒருமுறை பூசிக் காட்டுவார். இயந்திரம் அவ்வசைவுகளைப் பதிந்து வைத்து, அவ்வாறே திரும்பத் திரும்பச் செய்யும்.

அதே 1967 இல் அமெரிக்காவில் சீமோர் பப்பேர்ட், சிந்தியா சொலமன், வாலி ஃபொயர்சைக் முதலியோர் சிறுவர்களுக்காக லோகோ என்னும் கணனி மொழியை அமைத்தனர். பின்னர் அம்மொழிக்குப் பணிந்து தரையில் ஊர்ந்து, பேனாவாற் கோடிழுக்கும் இயந்திர ஆமையும் வந்தது. “முன்னே 100, வலம் 90” என்று நான்கு முறை கட்டளையிட்டால் ஆமை சதுரம் வரையும். பிழைத்தால், பிள்ளை தானே அவ்வழி நடந்து பார்த்துப் பிழையைக் கண்டுகொள்ளும். 2007 இல் வெளிவந்த ஸ்கிராச்சிலோ எழுத்தும் வேண்டியதில்லை. கட்டளைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினாற் போதும்.

“தொழிலாளி தன் கைவண்ணத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் அவன் வீட்டு அடுப்பு எரிவதெப்படி?” என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான அச்சமே. ஆயின், பாடம் சொல்லும் வல்லமை ஒரு சிலர் கையில் மட்டும் தங்கினால் அவ்வச்சம் பெருகுமேயன்றிக் குறையாது. மேலும், கோணலாகப் பூசிக் காட்டினால் இயந்திரமும் கோணலாகவே பூசும். ஆதலால் கைத்தேர்ச்சி உடையவனே அதற்கு ஆசானாதல் வேண்டும். அந்த ஆசான் பதவியை அவன் பிறருக்கு விட்டுக்கொடுத்தல் ஆகாது.

எளிமை வேறு, கவனமின்மை வேறு என்பதையும் மறவாதீர்கள். கை எங்கே வீசும், அருகில் யார் நிற்கிறார், நிறுத்தும் பொத்தான் எங்கேயுள்ளது என்பன முதற்பாடம்.

கணனி அறிந்த இளைஞரும் தொழில் அறிந்த பெரியவரும் நம் மண்டபத்தில் ஒரே வாங்கில் அமர்ந்து, வாரம் ஒரு மாலை இதனைப் பயில வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இளைஞர் கட்டளையை அறிவார்; பெரியவர் வேலையை அறிவார். இரண்டும் கூடினாற்றான் பாடம் நிறைவுறும்.