கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்கள் ஏன் குறைகின்றன?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்கா தேசத்துப் பிலடெல்பியா பட்டணத்திலுள்ள கத்தோலிக்க ஹைஸ்கூல்களைப் பற்றியதாகும். பிலடெல்பியா எங்கே, நம்மூர் எங்கே, அங்குள்ள பாதிரிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தால் நமக்கென்ன என்று சிலர் முணுமுணுப்பது நமக்குத் தெரியாமலில்லை. ஆனால் படிப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "சர்க்கார் பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கிறது? பாதிரிமாரும் கன்னியாஸ்திரீகளும் நடத்தினால்தான் படிப்பும் ஒழுக்கமும் வரும், அது தெய்வ கிருபை" என்று சொல்லுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அந்தத் தெய்வ கிருபை ஒரு பெரிய பட்டணத்தில் எப்படி வந்தது, எதனால் நடந்தது, பிறகு ஏன் தேய்ந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில் குற்றம் ஒன்றுமில்லையல்லவா? நாம் சொல்லுவதைக் கேட்டுவிட்டு, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் தொகையைப் பார்ப்போம். 1960-களின் மத்தியில் அமெரிக்கா முழுவதிலும் சுமார் 13,000 கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில் 52 இலட்சம் பிள்ளைகள் படித்தார்கள். இப்போது இருப்பவை சுமார் 6,000 பள்ளிக்கூடங்கள்; பிள்ளைகள் சுமார் 17 இலட்சம். பிலடெல்பியாவில் 1956-ம் வருஷம் திறந்த கார்டினல் டோஹர்ட்டி ஹைஸ்கூலில் ஒரு காலத்தில் சுமார் 6,000 பேர் படித்தார்கள். உலகத்திலேயே பெரிய கத்தோலிக்க ஹைஸ்கூல் என்று பெருமை பேசப்பட்ட பள்ளிக்கூடம் அது. 2010-ம் வருஷம் ஜூன் மாதம் அதை மூடும்போது மிஞ்சியிருந்தவர்கள் 700-க்கும் குறைவு. 1926-ல் ஏற்பட்ட நார்த்ஈஸ்ட் கத்தோலிக் என்ற ஆண்கள் ஹைஸ்கூலும் அதே மாதம் மூடப்பட்டது. பெண்களுக்கென்று அந்தத் தேசத்தில் ஒரு மேற்றிராசனத்தார் முதல் முதல் ஏற்படுத்திய ஹாலஹான் ஹைஸ்கூல், 1911-ல் தொடங்கியது, 2021-ல் மூடப்பட்டது. நூற்றுப்பத்து வருஷம் நின்ற பள்ளிக்கூடம்!

இனி, இந்தப் பள்ளிக்கூடங்கள் பிறந்த கதையைக் கேளுங்கள். அக்காலத்தில் பிலடெல்பியாவின் பொதுப் பள்ளிக்கூடங்களில் தினந்தோறும் புரொடெஸ்டாண்டு பைபிளை வாசிப்பார்கள். பிழைக்க வந்த ஐரிஷ் கத்தோலிக்கரின் பிள்ளைகளும் அதைக் கேட்க வேண்டியதுதான். 1842-ல் கென்ரிக் என்ற மேற்றிராணியார், "எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்க அனுமதியுங்கள்" என்று விண்ணப்பித்துக்கொண்டார். அவர் கேட்டது வேறு கடவுளைக்கூட அல்ல. அதே கடவுளின் புஸ்தகத்தில் வேறு மொழிபெயர்ப்பைத்தான் கேட்டார். அதற்கே 1844-ல் கலகம் மூண்டது. கத்தோலிக்கரின் இரண்டு மாதாகோவில்களைச் சுட்டெரித்தார்கள். வீடுகள் எரிந்தன, மனிதர்கள் மாண்டார்கள். அன்பே கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் இரு கூட்டத்தார் ஒரே புஸ்தகத்தின் இரண்டு பிரதிகளுக்காக ஒருவரையொருவர் கொன்றார்கள் என்றால், மதத்தைப் பள்ளிக்கூடத்திற்குள் விட்டதன் பலனுக்கு வேறு சாட்சி எதற்கு?

இந்தப் பயமும் அவமானமும்தான் கத்தோலிக்கரைத் தனிப் பள்ளிக்கூடம் கட்டச் செய்தன. 1884-ல் பால்டிமோரில் கூடிய மேற்றிராணியார்கள், ஒவ்வொரு கோவிலையும் சேர்ந்து இரண்டு வருஷத்திற்குள் ஒரு பள்ளிக்கூடம் இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டார்கள். 1890-ல் தாமஸ் காஹில் என்ற வியாபாரி எழுதி வைத்த சொத்தைக்கொண்டு பிலடெல்பியாவில் ஆண் பிள்ளைகளுக்கு இலவச ஹைஸ்கூல் ஒன்று திறக்கப்பட்டது. அந்நிய தேசத்தில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள் அப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களில் படித்து வக்கீல்களாகவும், டாக்டர்களாகவும், குமாஸ்தாக்களாகவும் ஆனார்கள். இதை நாம் மறைக்கப் போவதில்லை. நன்மையை நன்மை என்று சொல்லாதவனுக்குத் தீமையைத் தீமை என்று சொல்ல யோக்கியதை கிடையாது.

ஆனால் ஏழைகள் காசில் இவ்வளவும் எப்படி நடந்தது? இங்கேதான் தெய்வ கிருபையின் இரகசியம் இருக்கிறது. 1950-ம் வருஷ வாக்கில் அந்தப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் துறவிகள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கன்னியாஸ்திரீகள். அந்த ஸ்திரீகளுக்குச் சம்பளம் என்று சொல்லத்தக்கது இல்லை. மடத்துச் சாப்பாட்டிற்கும் துணிக்கும் போதுமான சொற்பத் தொகைதான். ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருந்தாலும் வாய் திறக்கக்கூடாது. தாங்கள் படித்து முடிக்கும் முன்பே வகுப்பில் நிறுத்தப்பட்டு, கோடை விடுமுறைகளில் கொஞ்சங் கொஞ்சமாகப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் ஏராளம். மேற்றிராணியாருக்கு மாளிகை இருந்தது. அவளுக்கு மேற்றிராணியார் ஆகும் உரிமை மாத்திரம் இல்லை. ஆகாயத்திலிருந்து கடவுள் பணம் அனுப்பவில்லை, தோழர்களே! பல்லாயிரம் பெண்களுக்குக் கொடுக்காமல் விட்ட கூலிதான் அந்தக் கட்டடங்களின் அஸ்திவாரம்.

அந்தப் பெண்கள் கிழவிகளானபோது என்ன ஆயிற்று தெரியுமா? அவர்களைக் காப்பாற்ற மடங்களில் சேமிப்பு இல்லை. 1988 முதல் வருஷாவருஷம் கோவில்களில் அதற்காகத் தனி உண்டி எடுக்கிறார்கள். ஆயுள் முழுவதும் உழைத்தவளுக்குப் பென்ஷன் உண்டியல்! இதைத் தியாகம் என்று புகழுகிறார்கள். தியாகம் செய்தவர்கள் பெண்கள். புகழை எடுத்துக்கொண்டது மதம்.

பிறகு காலம் மாறிற்று. பெண்களுக்குக் காலேஜும் உத்தியோகமும் திறந்தன. மடத்திற்குப் போனால்தான் படிக்கலாம், நாலு பேர் மதிக்கும் வேலை செய்யலாம் என்ற நிலைமை ஒழிந்தது. 1965-ல் அமெரிக்காவில் சுமார் 1,80,000 கன்னியாஸ்திரீகள் இருந்தார்கள். இப்போது 40,000-க்கும் குறைவு, அதிலும் பெரும்பாலோர் வயது சென்றவர்கள். இன்று அப்பள்ளிக்கூடங்களில் வேலை பார்ப்பவர்களில் நூற்றுக்கு 97 பேர் குடும்பஸ்தர்கள் முதலிய சாதாரண ஜனங்கள். அவர்களுக்கு வீட்டு வாடகை உண்டு, பெண்டு பிள்ளைகள் உண்டு. சொர்க்கத்தில் சம்பளம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிலடெல்பியா மேற்றிராசன ஹைஸ்கூல் உபாத்தியாயர்கள் 2011 செப்டம்பரில் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆகவே, கொடுக்கவேண்டிய கூலியைக் கொடுக்க ஆரம்பித்தவுடனே கட்டணம் ஏறிற்று. இலவசமாகத் தொடங்கிய இடத்தில் இப்போது வருஷத்திற்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கட்டவேண்டியிருக்கிறது.

இது ஒன்றுதானா காரணம் என்று கேட்பீர்கள். இல்லை. கத்தோலிக்கர் பணக்காரர்களாகிப் பட்டணத்தை விட்டு வெளியூர்களில் குடியேறினார்கள். பிள்ளை பெறுவதும் குறைந்தது. 1997-ல் வந்த ஒரு சட்டத்தினால், கட்டணமில்லாமல் சர்க்கார் பணத்தில் தனிப்பட்டவர்கள் நடத்தும் பள்ளிக்கூடங்களும் ஏற்பட்டன. பாதிரிமார் சிலர் குழந்தைகளிடம் செய்த அக்கிரமத்தையும், மேலதிகாரிகள் அதை மூடி மறைத்ததையும் 2005-லும் 2011-லும் பிலடெல்பியாவின் கிராண்டு ஜூரி அறிக்கைகள் வெளிப்படுத்தின. அதற்குப் பின் எந்தத் தாய் பழைய நம்பிக்கையோடு பிள்ளையை அனுப்புவாள்?

பழைய பயமும் போயிற்று. பத்து பைபிள் வசனங்களைத் தினமும் பள்ளிக்கூடங்களில் வாசிக்கவேண்டும் என்று பென்சில்வேனியாவில் ஒரு சட்டம் இருந்தது. 1956-ல் பிலடெல்பியாவை அடுத்த அபிங்டன் ஹைஸ்கூலில் எல்லெரி ஷெம்ப் என்ற பதினாறு வயதுப் பையன், பைபிள் வாசிக்கும் வேளையில் குரானைத் திறந்து தனக்குள் படித்துக்கொண்டிருந்தான். அவன் குடும்பத்தார் போட்ட வழக்கில் 1963-ல் சுப்ரீம் கோர்ட்டு, பொதுப் பள்ளிக்கூடத்தில் சர்க்கார் பைபிள் வாசிக்கச் செய்வது செல்லாது என்று தீர்ப்புச் செய்தது. 1844-ல் நெருப்பு வைத்துத் தீராத வழக்கு, மதத்தைப் பள்ளிக்கூடத்திற்கு வெளியே நிறுத்தியதனால் தீர்ந்தது.

இனிப் படிப்பின் பெயரைப் பற்றி. ஜேம்ஸ் கோல்மன் முதலிய ஆராய்ச்சிக்காரர்கள் 1982-ல், கத்தோலிக்க ஹைஸ்கூல் பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட நன்றாகப் படிக்கிறார்கள் என்று எழுதினார்கள். வேறு அறிஞர்கள், "பிள்ளையைப் பொறுக்கி எடுக்கிறவனையும், வந்தவரையெல்லாம் சேர்க்கவேண்டியவனையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?" என்று ஆட்சேபித்தார்கள். கேள்வி நியாயமானதுதான். எது எப்படியானாலும், பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடத்தின் கதி ஒன்றே. ஆள் குறைந்தால் பணம் குறையும். பணம் குறைந்தால் பாடங்கள் குறையும். பாடம் குறைந்தால் பெயர் குறையும். பெயர் குறைந்தால் மறுபடியும் ஆள் குறையும். பணக்காரர் பிள்ளைகள் படிக்கும் சில கத்தோலிக்க ஹைஸ்கூல்கள் இன்றும் செழிப்பாக இருக்கின்றன. தெய்வ கிருபை மெய்யானால், அது ஏழைகள் தெருவைவிட்டுப் பணக்காரர் தெருவிற்கு ஏன் குடிபோக வேண்டும்?

சரி, சர்க்கார் பணத்தைக் கொடுத்தால் என்ன என்கிறார்கள். பென்சில்வேனியா சர்க்கார் இந்தப் பள்ளிக்கூடங்களின் உபாத்தியாயர் சம்பளத்திற்குப் பொதுப்பணம் கொடுக்க 1968-ல் சட்டம் செய்தது. பிலடெல்பியாவாசியான ஆல்டன் லெமன் என்ற கறுப்பர் அதை எதிர்த்து வழக்காடினார். 1971-ல் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளிற்று. 2001 முதல், உபகாரச் சம்பளத்திற்குக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரியைத் தள்ளிக்கொடுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முன்வாசலில் விடாததைக் கொல்லைப்புறமாக விடுவது என்பது இதுதான்.

தோழர்களே! பாதிரிப் பள்ளிக்கூடம் மூடினதென்று நாம் கைகொட்டிச் சிரிக்க வரவில்லை. அங்கே படித்த பிள்ளைகளில் கத்தோலிக்கரல்லாத ஏழைக் கறுப்பர் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளை எங்கே போவான்? 2013-ல் பிலடெல்பியாவில் இருபதுக்கு மேற்பட்ட பொதுப் பள்ளிக்கூடங்களையுமல்லவா மூடினார்கள்! கோவிலும் கைவிட்டது, சர்க்காரும் கைவிட்டது என்றால் அவன் எந்தக் கதவைத் தட்டுவான்? 2023-ல் பென்சில்வேனியாக் கோர்ட்டு ஒன்று, ஏழை ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்குப் போதிய பணம் கொடுக்காத முறை அரசியல் சட்டத்திற்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அவனுக்கு நியாயம் அந்த வழியில்தான் இருக்கிறது. தருமத்தால் நடக்கும் பள்ளிக்கூடத்தைத் தருமம் செய்கிறவன் நினைத்தபோது மூடலாம். பாத்தியதையால் நடக்கும் பள்ளிக்கூடத்தை மூடவந்தால், ஏன் என்று கேட்கலாம்.

ஆகையால், எந்த மதத்தாராவது "எங்கள் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள், எங்கள் கடவுளின் மகிமையைப் பாருங்கள்" என்று சொன்னால், நீங்கள் அவரை வையவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, இங்கே பாடம் சொல்லிக்கொடுக்கிற அம்மாளுக்கு மாதம் என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்?" அதற்கு வரும் பதிலிலிருந்து மற்றதை நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.