பருவம் தொடங்குமுன் கல்லூரி ஆசிரியர் செய்ய வேண்டுவன

 

இச்சங்கம் தோன்றிய நாளில், நம் பிள்ளைகள் கல்லூரிப் படியேறினால் போதும் என்பதே நம் பேரவாவாக இருந்தது. வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் அவர்களுள் சிலர் கல்லூரியில் பாடம் சொல்லும் நிலைக்கு உயர்ந்துள்ளனர். வரும் ஜூன் மாதத்தில் புதிய பருவம் தொடங்கும்பொழுது விரிவுரையாளராகவும் கௌரவ விரிவுரையாளராகவும் பொறுப்பேற்கவிருப்போரை முன்னிட்டே இவ்வுரையை அமைத்துக்கொண்டோம்.

பள்ளித் தலைமையாசிரியர் கல்லூரி ஆசிரியருக்குக் கூற என்ன உண்டு என்று கேட்கலாம். பள்ளி ஆசிரியர் பி.எட். பயின்று, மேற்பார்வையில் வகுப்பெடுத்துப் பழகிய பின்னரே பணிக்கு வருகிறார். கல்லூரி ஆசிரியருக்கோ முதுகலைப் பட்டமும், நெட் அல்லது செட் தேர்வும், அன்றி முனைவர் பட்டமும் தகுதிகளாக உள்ளன. அவை பாட அறிவை அளக்கும். வகுப்பின் முன் நிற்கும் பயிற்சியை அளிக்கமாட்டா. அப்பயிற்சியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியவர்களாக நம் இளைஞர் இருக்கின்றனர்.

இதற்கு அண்ணல் அம்பேத்கரைக் காட்டிலும் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவர், 1918ஆம் ஆண்டு நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். தொடக்கத்தில் மாணவர் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஆசிரியர்களுக்கென வைத்த நீரை அவர் அருந்துவதையும் உடன்பணியாற்றியோர் சிலர் எதிர்த்தனர். அவர் ஆழ்ந்து ஆயத்தம் செய்துகொண்டு வகுப்புக்குச் சென்றார். நாளடைவில் பிற கல்லூரி மாணவரும் அனுமதி பெற்று அவ்வுரைகளைக் கேட்க வந்தனர். 1920இல் அப்பணியைவிட்டு மீண்டும் லண்டன் சென்று கற்றார். பின்னாளில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார்.

இனி, செய்ய வேண்டுவனவற்றைக் கூறுவோம்.

முதலாவது, காலக் கணக்கு. ஒரு பருவத்திற்கு 90 வேலை நாட்கள். ஆறு நாள் வரிசைப்படி பார்த்தால் 15 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு ஐந்து மணி நேரம் உள்ள தாளுக்கு 75 மணி நேரம் கிடைக்கும். ஐந்து அலகுகளுக்கும் 12 மணி வீதம் 60 மணியை ஒதுக்குக. எஞ்சிய 15 மணி தேர்வுக்கும், திருப்புதலுக்கும், பின்தங்கியோருக்கும் உரியது. இவ்வாறு வகுக்காதவர் முதல் அலகில் அளவுக்கு மீறிய நாட்களைச் செலவிட்டு, ஐந்தாம் அலகை மூன்று நாளில் முடிப்பார். அதன் பயனை மாணவர் அரியராகச் சுமப்பர்.

இரண்டாவது, மொழி. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவன் ஆங்கிலவழி வகுப்பில் அமரும்பொழுது அறிவு குன்றியவன்போல் தோன்றுவான். உண்மையில் அவன் சொல்லறியாதவனேயன்றி அறிவிலியல்லன். ஒவ்வோர் அலகிலும் வரும் கலைச்சொற்களைத் தமிழும் ஆங்கிலமுமாகப் பட்டியலிட்டுப் பருவம் தொடங்குமுன்னரே ஆயத்தம் செய்க. முதற் பதினைந்து நாட்களுக்குள் ஒரு சிறு பயிற்சி எழுதச் செய்து, ஒரு வாரத்தில் திருத்திக் கொடுங்கள். யாருக்கு உதவி தேவை என்பதை அத்தாள்களே கூறிவிடும்.

மூன்றாவது, விதிகளை வெளிப்படக் கூறுதல். தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகுக்கப்படுகிறது. வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இவற்றை வீட்டிலேயே சொல்லிவிடுவர். முதல் தலைமுறை மாணவனுக்குச் சொல்ல ஆசிரியரையன்றி வேறெவருமில்லை. இரவில் கூலி வேலைக்குச் சென்று காலை வகுப்பைத் தவறவிடுபவனை முதல் மாதத்திலேயே அழைத்து விசாரித்தால் காப்பாற்றலாம். பருவ இறுதியில் விசாரிப்பதால் பயனில்லை.

நான்காவதாகக் கூறுவதை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். உதவித்தொகைக்காகப் பட்டியலின மாணவரை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருந்ததை நம்முள் பலர் அனுபவித்துள்ளோம். நின்றவன் மீண்டும் அமரும்பொழுது அவனுடைய சாதியும் அவனுடன் அமர்ந்துகொள்கிறது. 1944இல் தொடங்கிய இவ்வுதவித்தொகை நம் உரிமையேயன்றிப் பிச்சையன்று. எனவே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியன தேவை என்னும் அறிவிப்பை அனைவர்க்கும் பொதுவாக அளித்து, ஐயங்களைத் தனியே கேட்கச் செய்யுங்கள். இதற்குப் பணச்செலவு சிறிதும் இல்லை. ஒரு பிள்ளை படிப்பில் நிலைப்பதும் விலகுவதும் இதனால் முடிவாகக்கூடும்.

இளைஞர்களே! கௌரவ விரிவுரையாளரின் ஊதியம் குறைவு, பணி நிலையற்றது என்பதை நாம் அறிவோம். அதனை மாற்றப் போராடுவது நியாயமே. அப்போராட்டம் நடக்கும் நாளிலும் உங்கள் முன் அமர்ந்திருப்பவன் அப்பருவத்தை ஒரு முறைதான் கற்பான். இங்கு அமர்ந்துள்ள பணி மூத்த ஆசிரியர்கள், ஆண்டுதோறும் மே மாதத்தில் நம் சங்கக் கட்டடத்தில் கூடி, புதியவர்களின் பாடக்குறிப்பைப் பார்த்துத் தர முன்வருதல் வேண்டும். பள்ளி ஆசிரியராகிய நாமும் உடனிருப்போம். நாம் அனுப்பிவைக்கும் பிள்ளைகள் எதனை அறிந்து, எதனை அறியாது வருகின்றனர் என்பதை எடுத்துரைப்போம்.