ஒரு பழைய கேள்விக்குப் பதில்

(ஆண்டுக் கூட்டத்தில் வேதியியல் துறையின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஆற்றிய உரை)

தலை நரைத்துவிட்டாலும் எனக்கு நீங்கள் மாணவர்கள்தான்.

இன்று ஒரு பழைய கடனைத் தீர்க்க வந்திருக்கிறேன். 1976-ல் பி.யு.சி. வகுப்பு. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், வைரமும் பென்சில் கரியும் ஒரே கார்பன்தானே? ஒண்ணு கண்ணாடியை அறுக்குது, ஒண்ணு காகிதத்துலயே தேயுது. ஏன் சார்?" என்றான். "அது போர்ஷன்ல இல்லப்பா, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவன் கேள்வியே கேட்கவில்லை. உண்மை என்னவென்றால், எனக்கு அன்று அதை விளக்கத் தெரியவில்லை.

இப்போது சொல்கிறேன். அணு ஒன்றுதான், கை கோத்திருக்கும் விதம்தான் வேறு. வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு திசைகளில் நான்கு கார்பன்களைப் பிடித்திருக்கிறது. இதை 1913-ல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்தார்கள். எந்தப் பக்கம் கீறினாலும் வலுவான பிணைப்பை அறுத்தாக வேண்டும். அதனால்தான் அவ்வளவு கடினம்.

பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டிலோ ஒரு கார்பனுக்கு மூன்று கார்பன்தான் துணை. அவை சேர்ந்து தகடு தகடாக அமைகின்றன. தகட்டுக்குள் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், தகட்டுக்கும் தகட்டுக்கும் 0.335. அந்த இடைவெளியில் பிடிப்பு மிகக் குறைவு. எழுதும்போது தகடுகள் வழுக்கிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மிஞ்சிய நான்காவது எலக்ட்ரான் தகட்டில் உலவுகிறது. அதனால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், வைரம் கடத்தாது.

சமையலறைக்கு வாருங்கள். உப்பில் நேர், எதிர் அயனிகள் மாறி மாறி நிற்கின்றன. பிடிப்பு வலுவானதுதான், உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் ஓங்கி அடித்தால் வரிசை நகர்ந்து, ஒத்த மின்சுமைகள் எதிரெதிரே வந்து விலக்கிக்கொள்ளும், கல் உடையும். செம்பில் எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுச் சொத்து. வரிசை நகர்ந்தாலும் பிடிப்பு போகாது. அதனால்தான் செம்பைத் தட்டிக் குடமாக்க முடிகிறது. பீரோவில் போடும் நாஃப்தலீன் உருண்டையிலோ மூலக்கூறுகளுக்கிடையே பலவீனமான ஈர்ப்புதான். 80 டிகிரியிலேயே உருகிவிடும்.

அந்த மாணவர் இன்று இங்கே இல்லை என்றார்கள். பரவாயில்லை, இந்த மலர் அவர் வீட்டுக்குத் தபாலில் போகும். தம்பி, உன் கேள்வி நல்ல கேள்விப்பா. உட்காரச் சொன்னது என் தவறு.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: தெரியாவிட்டால் "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.