முதல் கேமரா: எவ்வளவு கிட்டே போகப் போகிறோம்?

(கல்லூரி மாணவர்களுக்கான ஒருநாள் ஒளிப்படப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து என்னிடம் வந்த கேள்வி ஒன்றுதான். "அண்ணா, முதல்ல என்ன கேமரா வாங்கலாம்? எந்த லென்ஸ் நல்லது?" இதைக் கேட்ட பலருடைய வீட்டில் இதுவரை யாரிடமும் கேமரா இருந்ததில்லை. சில மாதக் கூலியைக் கொட்டி வாங்கப் போகிற பொருள் அது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

முதலில் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தவர். உயிரோடு இருந்தபோது அவரை எடுத்த படம் ஒன்றே ஒன்று, வாக்காளர் அட்டையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். கல்யாணம் என்றாலும், "பஸ் ஸ்டாப்புக்கு வந்து நில்லுங்க, எடுத்துத் தர்றேன்" என்பார். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு அவ்வளவு தூரம் நடந்து போய் நின்றிருக்கிறார்கள். பாட்டி இறந்தபோது அந்த அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம். முகம் முழுக்கக் கறுப்பாக இருந்தது, கண்கள் தெரியவே இல்லை. நான் கேமரா வாங்கியது அந்தக் கண்களுக்காகத்தான்.

ஆனால் வாங்கிய விதம் தப்பு. நீங்கள் அதைச் செய்யக் கூடாது. ஐந்து வட்டிக்கு 40,000 ரூபாய் கடன் வாங்கிப் புது கேமரா வாங்கினேன். மாதம் 2,000 ரூபாய் வட்டி. 20 மாதத்தில் வட்டியாக மட்டும் 40,000 கட்டியிருந்தேன், அசல் அப்படியே நின்றது. கடனை அடைக்கக் கல்யாண வேலைகளுக்குப் போனேன். நான் எடுக்க நினைத்த படங்களை எடுக்க நேரமே இல்லை. எனவே முதல் விதி: கடன் வாங்கிக் கேமரா வாங்காதீர்கள்.

அதுவரை என்ன செய்வது? கையில் இருக்கும் போனில் எடுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, பின்னால் என்ன இருக்கிறது, எப்போது அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் போனிலேயே பழகலாம். ஆறு மாதம் எடுத்த பிறகும் போன் போதவில்லை என்று தோன்றினால் அப்போது கேமரா வாங்குங்கள். அதற்குள் எது போதவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வாங்கும்போது பழையதையே வாங்குங்கள். கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் நல்ல டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. மெகாபிக்சலைப் பார்த்து மயங்க வேண்டாம். 12 மெகாபிக்சல் இருந்தாலே 12க்கு 8 அங்குலப் படம் தெளிவாகப் பிரின்ட் போடலாம். கேனானா நிக்கானா என்று என்னைக் கேட்டால், பக்கத்தில் இருக்கும் தோழர் எதை வைத்திருக்கிறாரோ அதையே வாங்குங்கள் என்பேன். லென்ஸை, சார்ஜரை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். நான்கு பேர் சேர்ந்தால் நான்கு லென்ஸ்.

பழைய கேமராவை எடுக்கும் முன் சில சோதனைகள். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று பாருங்கள். தொடக்கநிலைக் கேமராக்களுக்கு ஒரு லட்சத்தை ஒட்டித்தான் பொதுவாக ஆயுள் சொல்வார்கள். எஃப் 16இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி இருக்கிறது, அதைச் சுத்தம் செய்துவிடலாம். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதை வாங்காதீர்கள். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் போகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் போன்ற மோட்டார் உள்ள லென்ஸ் போட்டால்தான் தானாகப் போகஸ் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய ஏஎஃப்-டி லென்ஸை வாங்கிவிட்டு விழிக்காதீர்கள்.

இனி லென்ஸ். கேமராவோடு வரும் 18–55 போதும், அதில் ஆரம்பியுங்கள். அடுத்ததாக ஒன்று வாங்க வேண்டுமென்றால் ஜூம் இல்லாத, பெரிய திறப்புள்ள லென்ஸாக இருக்கட்டும். 18–55ஐ 55இல் வைத்தால் அதிகபட்சத் திறப்பு எஃப் 5.6. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஒற்றை டியூப்லைட் எரிகிற வீட்டில் பிளாஷ் அடிக்காமல் முகத்தை எடுக்க இதுதான் வழி.

எல்லோரும் 50 மி.மீ. லென்ஸை வாங்கச் சொல்வார்கள். விலை குறைவு, நல்ல லென்ஸ்தான். ஆனால் உங்கள் கேமராவின் சென்சார் சிறியது, அதில் 50 என்பது 75 அல்லது 80 போலப் பார்க்கும். நம் வீடுகள் பத்துக்குப் பத்து அறைகள். சுவரில் முதுகை ஒட்டி நின்று கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும், எதிர்ச் சுவரோரம் நிற்பவரின் முழு உருவமும் 50க்குள் அடங்காது. 35இல் அடங்கும். எனவே நிக்கான் வைத்திருப்பவர்கள் 35 மி.மீ. எஃப் 1.8ஐப் பாருங்கள். கேனானில் 24 மி.மீ. எஃப் 2.8 இருக்கிறது. திறப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் சின்ன அறைக்குப் பொருந்தும். நீங்கள் நிற்கப் போகும் அறையை அளந்துவிட்டு லென்ஸ் வாங்குங்கள்.

70–300 ஜூம் வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். பொதுக்கூட்டத்துக்கும் விளையாட்டுக்கும் அது தேவைதான். ஆனால் முதல் லென்ஸாக வேண்டாம். லென்ஸ் வாங்குவது என்பது, எடுக்கப்படுகிறவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறோம் என்று முடிவு செய்வது. தூரம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தள்ளி நில் என்று சொல்லப்பட்டவர்கள் நாம். நம் மக்களின் படங்களில் பெரும்பகுதி அப்படித் தள்ளி நின்று எடுக்கப்பட்டவை: மலக்குழிக்குள் இறங்கும் உடல், பிணவறை வாசலில் அழும் தாய். அவர்கள் பெயர்கூட எடுத்தவருக்குத் தெரிந்திருக்காது. 35ஐ வைத்துக்கொண்டு அப்படி எடுக்க முடியாது. பக்கத்தில் போக வேண்டும், பேச வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் கேமராவை இறக்க வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பின ஒளிப்படக்காரர் கார்டன் பார்க்ஸ் ரயிலில் உணவு பரிமாறும் வேலை செய்தவர். அவருடைய முதல் கேமரா அடகுக் கடையில் வாங்கிய பழைய ஃபோக்ட்லேண்டர் பிரில்லியன்ட். 1942இல் வாஷிங்டனுக்கு அரசு வேலைக்கு வந்தபோது கடையிலும் உணவகத்திலும் திரையரங்கிலும் நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோபத்தோடு, தன் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்த எல்லா வாட்சன் என்ற பெண்ணிடம் போய் முதலில் பேசினார். அவர் வாழ்க்கையைக் கேட்டார். அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடு அவரை நிறுத்தி எடுத்தார். அதோடு விடவில்லை. அவருடைய வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய்த் தொடர்ந்து எடுத்தார். உலகம் அந்தப் படத்தை மறக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரையும் மறக்கவில்லை.

கடைசியாக நிறம். கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகளாக லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுத்த முகங்கள் இருண்டுபோவதைப் பெற்றோர்கள் சொன்னபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகே பிலிம் மேம்பட்டது என்று ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார்.

இன்றைய கேமராவுக்கும் முன்னால் இருப்பது முகமா சுவரா என்பது எல்லா நேரமும் தெரிந்துவிடாது. அதன் மீட்டர் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன் கறுத்த முகம் நின்றால், சுவரைச் சாம்பலாக்கப் போய் முகத்தை இருட்டாக்கிவிடும். என் பாட்டியின் கண்கள் அப்படித்தான் காணாமல் போயிருக்க வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் ஒன்றுக்குத் திருப்புங்கள், அல்லது சுவரை விட்டு வாசற்படிக்கு அழைத்து வந்து பக்கவாட்டு வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். முகமே படத்தை நிறைத்தால் இதற்கு நேர்மாறு: மீட்டர் கறுப்பை வெளுக்க வைக்கும், அப்போது மைனஸுக்குத் திருப்ப வேண்டும். எடுத்த பிறகு கணினியில் முகத்தை வெளுக்காதீர்கள். அவர்கள் நிறத்தை அவர்களுக்கே கொடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவிலேயே மூத்தவர் யாரென்று பாருங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். போனோ கேமராவோ, இருப்பதை வைத்து, கண்கள் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். அதை பிரின்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள்.