குடியை நிறுத்தக் கடவுள் நம்பிக்கை போதுமா?



எனக்கு முன் பேசிய இருவரில் ஒருவர், சாமி நினைத்தால் ஒரே நாளில் குடி போய்விடும் என்றார். மற்றவர், குடி ஒரு நோய், நோய்க்கு மருந்து இருக்கிறது, அங்கே சாமிக்கு என்ன வேலை என்று கேட்டார். இரண்டையும் நான் ஒரே மனிதரிடம் பார்த்திருக்கிறேன். அவர் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

கிள்ளானில் லாரி ஓட்டியவர் அவர். தினமும் குடிப்பார். ஆனால் தைப்பூசத்திற்கு 48 நாள் விரதம் தொடங்கிவிட்டால் ஒரு சொட்டும் தொடமாட்டார். பத்துமலையின் 272 படிகளையும் காவடியோடு ஏறுவார். காவடி இறக்கிய மறுநாள் மாலை, பழைய கடையில் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி ஒருமுறை என்னிடம் கேட்டார்: "அண்ணே, முருகனுக்காக 48 நாள் விட முடிந்த மனுஷனுக்கு, பிள்ளைகளுக்காக 49-ஆவது நாள் விட முடியாதா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த 48 நாளும் அவர் தனியாக இல்லை. வீட்டில் சைவச் சமையல், தனிப் பாய். மாலையில் கோயில், பஜனை, விரதம் இருக்கும் மற்றவர்கள். குடிக்கும் நண்பர்களே, "அவன் விரதத்தில் இருக்கிறான், கூப்பிடாதே" என்று ஒதுங்கிப் போவார்கள். ஊரே அவரைச் சுற்றி வேலி கட்டியிருந்தது. காவடி இறங்கியதும் அந்த வேலியைப் பிரித்துவிட்டோம். முருகன் அங்கேயேதான் இருந்தார். மனிதர்கள்தாம் கலைந்து போனோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓராண்டு அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டிருந்தவர், விரதத்திற்காகத் திடீரென்று நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு கை கால் நடுங்கியது. இல்லாத ஆட்களோடு பேசினார். சாமி வந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் திருநீறு பூசினார்கள். மனைவி மட்டும் கேட்கவில்லை, காடியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அதனால்தான் பிழைத்தார்.

பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்த உடல், மதுவுக்குப் பழகிவிடுகிறது. அதைச் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் வரலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள்களில் மனம் குழம்பி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் 'பி1' வைட்டமினும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த முடியும். ஆகவே விரதத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மொடாக் குடியர் விரதம் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்கட்டும் என்கிறேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, நம்பிக்கைக்குப் பலனே இல்லையா? உண்டு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து மீளப் போராடிய பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கியதுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பு. தன் பலத்தால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, அவரவர் அறிந்த கடவுளிடம் தம்மை ஒப்படைப்பது அதன் 12 படிகளில் முக்கியமானது. 2020-இல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இவ்வழியில் சேர்க்கப்பட்டவர்களில் 100-க்கு 42 பேர் ஓராண்டுக்குப் பிறகும் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற மனநலச் சிகிச்சை பெற்றவர்களில் 35 பேர்.

பார்த்தீர்களா, கடவுள் வென்றார் என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். 2002-இல் வெளியான இன்னோர் ஆய்வு, கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களைக் கவனித்தது. அவர்கள் இக்கூட்டங்களுக்குக் குறைவாகவே வந்தார்கள். ஆனால் வந்தவர்களுக்குப் பலன் குறையவில்லை. அப்படியானால், பக்தி ஒருவரை வாசல்வரை அழைத்து வருகிறது. உள்ளே வந்தபின் காப்பாற்றுவதில் பெரும்பங்கு, "நானும் உன்னைப் போல் இருந்தவன்தான்" என்று சொல்லும் பக்கத்து நாற்காலிக்காரருக்கு உண்டு.

நம்பிக்கை கெடுதலும் செய்யும். "நேர்த்தியை முறித்த பாவி" என்று தள்ளி வைத்தால், அவமானத்தை மறக்க அவர் மறுபடியும் போத்தலைத்தான் தேடுவார். நம் தாத்தாக்கள் தோட்டத்துக்கு வந்தபோது கள்ளுக்கடையும் தோட்டத்திலேயே காத்திருந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. ஒரு சமூகமே சேர்ந்து போராடிய சிக்கலை, இன்று ஒரு தனி மனிதன் தலையில் மட்டும் பாவமாக ஏற்றுவது நியாயமா?

பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோயிலும் உண்டு, பாத்திமா மாதா தேவாலயமும் உண்டு. கிள்ளானிலும் கோயில்களுக்குக் குறைவில்லை. நிர்வாகத்தினரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தைப்பூசத்திற்கு மறுநாள் மாலை மண்டபத்தைத் திறந்து வையுங்கள். தேநீர் கொடுங்கள். குடியை விட்டவர் ஒருவரை உட்கார வையுங்கள். வாரம் ஒரு மாலை இப்படி நடக்கட்டும். தவறி விழுந்தவர் திரும்பி வந்தால் கேள்வி கேட்காமல் இடம் கொடுங்கள்.

அந்த லாரிக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மருத்துவமனையிலிருந்து வந்தபின், குடியை விட்ட பழைய கூட்டாளி ஒருவர் தினமும் மாலை ஆறு மணிக்கு வந்து, தே தாரிக் குடிக்க அழைத்துப் போனார். இடையில் ஒருமுறை தவறினார். அன்றும் அந்த நண்பர் வந்தார். அதன்பின் நான்கு தைப்பூசம் கழிந்துவிட்டது. அவர் இன்னமும் காவடி எடுக்கிறார். அவர் மனைவி இப்போது நாள் எண்ணுவதில்லை.