நிபோங் மரமும் வானொலி அலையும்

நமது ஊரின் பெயர் நிபோங் திபால். நிபோங் என்பது ஒருவகைப் பனை. திபால் என்றால் அடர்த்தி. அந்த மரத்தை வெட்டியவர்கள் அறிவார்கள்: வெளியே வைரம், உள்ளே மெத்தென்ற சோறு. அதாவது, உறையிட்ட உருளை.

இத்தகைய உருளைமீது மின்காந்த அலை மோதினால் என்ன நேரும்? உறையில்லாத உருளைக்கு 1881-இல் ரேலி பிரபு கணக்கு வகுத்தார். உறை இருந்தால் அலை இரண்டு இடங்களில் மோதுகிறது. ஒரு பகுதி உறையிலேயே திரும்புகிறது. மறுபகுதி உள்ளே புகுந்து, உட்பொருளில் மோதி வெளிவருகிறது. இரண்டும் கலந்து சில திசைகளில் வலுக்கின்றன. சில திசைகளில் மங்குகின்றன.

மழையில் நனைந்த செம்பனைக்கு நீரே உறை. பண்பலை வானொலியின் அலைநீளம் சுமார் 3 மீட்டர். அது மரத்தைச் சுற்றி வளைந்து வந்துவிடும். கைத்தொலைபேசி அலையோ பெரும்பாலும் இரண்டு சாணுக்குள்தான். அடிமரத்தில் மோதிச் சிதறுகிறது. ஈரம் அதன் வலுவை உறிஞ்சுகிறது.

ஆகவே, வேலைக்காட்டில் யாருக்கேனும் அடிபட்டு 999-ஐ அழைக்கும்போது இணைப்புக் கிடைக்காவிட்டால், மரங்களை விட்டு வெளியே வந்து பேசுவோம். இடி முழங்கினால் வெட்டவெளி ஆகாது. கட்டடத்துக்குள் சென்று அழைப்போம்.

இத்தகைய கணக்குகள் நமக்கு எட்டாதவை அல்ல. 2001 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நமது ஊரிலேயே இருக்கிறது. அதன் வாசலுக்குள் நம் பிள்ளைகளும் மாணவராக நுழைய வேண்டுமானால், இன்றே அவர்கள் கணக்குப் பாடத்தைக் கைவிடாதபடி பார்த்துக்கொள்வோம்.